உடையாத ஆக்சில்

"உடையவே உடையாத ஆக்சில் ஒண்ணு வேணும், தங்கச்சி" என்றார் மொக்கராசு.

பல்கீஸ் கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்தாள்.

"அது உடையாட்டி, அதுக்குப் பதிலா எது உடையணும்?"

"எதுவும் உடையக் கூடாது."

"அப்ப வண்டியை எடுக்காதீங்கண்ணே."

மொக்கராசுவுக்குச் சுருக்கென்றது. கரட்டூத்து மலைப்பாதையில் இருபத்தாறு வருஷமாக ஜீப் ஓட்டுகிறவர் அவர். அவளுக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. ஆனால் அந்தப் பக்கத்து மலை டிரைவர்கள் எல்லாரும் அவளை வாத்தியார் என்றுதான் சொல்வார்கள். சின்னமனூர் ரோட்டில் இருக்கும் அவளுடைய பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோகிறவன் ஒரு கேள்வியையும் சேர்த்துத்தான் வீட்டுக்குக் கொண்டுவருவான் என்று ஒரு பேச்சு உண்டு.

மொக்கராசு கேள்வியை வாங்கிப் போக வரவில்லை. உடைந்த ஆக்சில் தண்டை அங்கேயே போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்.

அந்த ஆக்சில் உடைந்தது ஐப்பசி மழையில்.

கரட்டூத்தில் வீரணன் மனைவி செல்லக்கிளிக்கு வலி கண்டுவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமானால் ஓடையைத் தாண்டி வழுக்குப்பாறை ஏற்றத்தில் ஏறி இறங்க வேண்டும். ஏற்றத்தில் ஜீப் திணறியது. வீரணன் குதித்து இறங்கிப் பின்னாலிருந்து தள்ளினான். பின்சக்கரத்தைச் சுழற்றும் ஆக்சில் தண்டு படாரென்று உடைந்தது.

கட்டிலைக் கம்பில் கட்டித் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். பாதி வழியில், தார்ப்பாய்க்கு அடியில் குழந்தை பிறந்தது.

அழவில்லை.

ஊரில் ஒருவரும் மொக்கராசுவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஜீப்பை இழுக்க மறுநாள் வீரணனே கயிறு கொண்டுவந்தான். அதன்பிறகு அந்த வீட்டைத் தாண்டும்போதெல்லாம் மொக்கராசு ரோட்டை மட்டும்தான் பார்ப்பார்.

பல்கீஸிடம் கோபித்துக்கொண்டு போனவர் வேறொரு பட்டறையில் லாரி ஆக்சில் ஒன்றைக் கடைந்து போட்டுக்கொண்டார். தண்டு மணிக்கட்டுத் தடிமன் இருந்தது. இனி மலையே வந்தாலும் அசையாது என்றார் அந்தப் பட்டறைக்காரர்.

இருபதாம் நாள் ரேஷன் அரிசி மூட்டைகளோடு வழுக்குப்பாறை ஏறினார். ஆக்சிலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைச் சுழற்றும் கிரவுன் பினியன் பல்சக்கரத்தின் பற்கள்தான் உள்ளே பொடிப்பொடியாகக் கொட்டின. நான்கு நாள் ஜீப் அங்கேயே கிடந்தது. கரட்டூத்துப் பெண்கள் அரிசியைத் தலைச்சுமையாகத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஐந்தாம் நாள் ஜீப்பைக் கட்டி இழுத்துக்கொண்டு பல்கீஸிடம் வந்து நின்றார்.

"சொல்லிக் குடுங்க" என்றார்.

அவள் பட்டறை மூலையைக் காட்டினாள். உடைந்த ஆக்சில் தண்டுகள் விறகு மாதிரி குவிந்து கிடந்தன.

"ஒவ்வொண்ணும் ஏன் உடைஞ்சதுன்னு பார்த்துச் சொல்லுங்க. அப்புறம் உங்க வண்டியைப் பார்ப்போம்."

முதல் நாள் அவருக்கு எல்லாம் ஒரே மாதிரி இரும்பாகத்தான் தெரிந்தது. மாலையில் எதையோ சொன்னார். இல்லை என்றாள். இரண்டாம் நாளும் இல்லை என்றாள். காரணம் சொல்லவில்லை. மண்ணெண்ணெயும் ஒரு பழைய பிரஷ்ஷும் கொடுத்தாள்.

கழுவிக் கழுவிப் பார்த்தார். நாள் போகப் போக இரும்பு பிடிபட ஆரம்பித்தது.

சிலவற்றின் உடைந்த முகத்தில் வெட்டிய மரம் மாதிரி வளையம் வளையமாகக் கோடு இருந்தது. ஓரத்தில் துரு. வெளியில் தெரியாத கீறல் ஒன்று மாதக்கணக்கில் உள்ளே வளர்ந்து, கடைசியில் ஒருநாள் விட்டிருக்கிறது. சில தண்டுகள் லேசாக வளைந்திருந்தன. தாங்க முடியாத பாரம். ஒன்று, வெல்டிங் வைத்த இடத்தில் போயிருந்தது.

எட்டாம் நாள் அவர் சொன்ன ஒன்பதில் ஏழுக்கு அவள் தலையசைத்தாள்.

பதினோராம் நாள் காலையில் இன்னொரு தண்டைக் கழுவித் துடைத்து அவர் மடியில் வைத்துவிட்டுப் போனாள்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கீறல் இல்லை. துருவும் இல்லை. உடைந்த இடம் கரகரவென்று புதிதாக இருந்தது. நுனியிலிருந்த பற்கள் பிழிந்த துணி மாதிரி முறுக்கிக்கொண்டிருந்தன. நல்ல இரும்பு. இன்னும் பத்து வருஷம் ஓடியிருக்கும். வெறுமனே சுழன்றுகொண்டிருந்த சக்கரம் திடீரென்று பாறையில் பிடித்திருக்கிறது. அந்த நேரத்தில் ஓட்டியவன் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை.

அதைச் சொல்வதற்குத்தான் வாயைத் திறந்தார். தண்டின் மறுமுனையில் அவரே பெயிண்டில் போட்டிருந்த வண்டி நம்பர் கண்ணில் பட்டது.

சாயா வந்தது. ஆறிப்போனது.

பல்கீஸ் வந்து பக்கத்தில் இருந்த டயர்மேல் உட்கார்ந்தாள்.

"மிதிச்சேன்" என்றார் மொக்கராசு. "பயத்துல மிதிச்சிட்டேன்."

"ம்."

"உங்களுக்கு முதல் நாளே தெரியுமா?"

"பார்த்ததும் தெரிஞ்சுது."

"ஏன் சொல்லல?"

"நீங்க ஆக்சில்தானண்ணே கேட்டீங்க."

அன்று மதியம் மொக்கராசுவே பேச்சை எடுத்தார். நொறுங்கிய பினியனை மாற்றும்போதே கியரைத் தாழ்த்திப் போடச் சொன்னார். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற எஞ்சின் இன்னும் நாலைந்து சுற்று கூடுதலாகச் சுற்றட்டும், வண்டி மெதுவாகவே ஏறட்டும் என்றார். கரட்டூத்துக்கு அரை மணி கூடுதலாகும் என்று அவள் எச்சரித்தாள். ஆகட்டும் என்றார். லாரி ஆக்சிலைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் போட்டாள். அதில் வண்டியின் எடையை வெளிக்கூடு தாங்கிக்கொள்ளும், தண்டின் வேலை சுழல்வது மட்டும்தான். உடைந்தாலும் சக்கரத்தைக் கழற்றாமலே உருவிவிட்டு வேறு தண்டு செருகலாம். கூடுதலாக ஒரு தண்டைச் சீட்டுக்கு அடியில் கட்டிக் கொடுத்தாள்.

"இதுவும் உடையுமா?" என்று கேட்டார்.

"உடையும்" என்றாள்.

மறுநாள் மலை ஏறினார். வழுக்குப்பாறையில் ஜீப் நடக்கிறவன் வேகத்தில் போனது. ஒரு சக்கரம்கூடச் சறுக்கவில்லை. ஊருக்குள் நுழைந்ததும் வழக்கமான இடத்தில் நிறுத்தாமல் வீரணன் வீட்டு முன்னால் நிறுத்தினார்.

செல்லக்கிளி வாசலில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். வீரணன் மண்வெட்டிக்குக் காம்பு செருகிக்கொண்டிருந்தான். உட்காருங்கள் என்றார்கள். அவர் உட்காரவில்லை.

"அன்னைக்கு ஆக்சில் தானா உடையல" என்றார். "இரும்பு நல்லாத்தான் இருந்துச்சு. நான் பயந்துபோய் மிதிச்சேன். அதான் உடைஞ்சுச்சு. இத்தனை நாளா உங்ககிட்டச் சொல்லல."

வீரணன் மண்வெட்டியைக் கீழே வைத்தான்.

செல்லக்கிளியின் கை நின்றது. மடியிலிருந்த மொச்சை உருண்டு மண்ணில் விழுந்தது. அவள் எடுக்கவில்லை.

"வெரசாப் போங்க, வெரசாப் போங்கன்னு கத்துனது நான்தான் மாமா" என்றாள்.

வீரணன் திரும்பி அவளைப் பார்த்தான். அவனிடம்கூட அவள் அதைச் சொல்லியிருக்கவில்லை.

மொக்கராசு அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"நல்ல மழை தாயி அன்னைக்கு" என்றார். "எனக்கு ஒண்ணுமே காதுல விழல."