ஒன்பது இடமும் ஒரு விசிலும்

ஒரு ஊர்ல ஒரு வீடு. அந்த வீட்டுல நாலு பேரு, நாலு கதவு. ஊரோட பேரு நேஸ். அயர்லாந்து தேசத்துல, டப்ளின் பட்டணத்துக்குப் பக்கத்துல இருக்கு. போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துக்கோ. நடுவுல கேள்வி கேக்கக் கூடாது, "ம்" மட்டும் சொல்லணும்.

ம்.

அப்படித்தான். அந்த வீட்டு அம்மா பேரு மங்கையர்க்கரசி. மங்கைன்னு கூப்பிடுவாங்க. ஆஸ்பத்திரியில நர்ஸ். அப்பா நாகேஸ்வரன், கும்பகோணத்துக்காரர். மூத்தவ தாரகை, பதினெட்டு வயசு. இளையவன் எழிலன், பதினாலு. பொண்ணு ஒரு கதவைச் சாத்திக்கிட்டு இருப்பா, பையன் ஒரு கதவைச் சாத்திக்கிட்டு இருப்பான். சாப்பிடக் கூப்பிட்டா "வரேன்"னு குரல் வரும். ஆள் வராது.

அப்போ ஜூன் மாசம். மங்கைக்கு நாலு வருஷத்துல முதல் தடவையா சேந்தாப்புல மூணு நாள் லீவு கிடைச்சுது. திங்கள், செவ்வாய், புதன். "கார்ல கிராமப் பக்கமாப் போய்ட்டு வரலாம்"னு அவ துள்ளினா. ஏன்னா செப்டம்பர் வந்தா தாரகை கோர்க் பட்டணத்துக்குக் காலேஜ் படிக்கப் போயிடுவா. அப்புறம் நாலு பேரும் ஒண்ணா இருக்கறது எப்போ?

ஆனா வார்டு சிஸ்டர் கண்டிப்பாச் சொல்லிட்டாங்க. "வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஆறு மணிக்குள்ள வேணும்னு எழுதிடணும். எழுதலைன்னா லீவு அடுத்த ஆளுக்கு." ஆறுன்னா ஆறு. ஆறேகால் இல்லை.

மங்கை மனசுக்குள்ள முடிவு பண்ணிக்கிட்டா. நாலு பேரும் வந்தா லீவு. ஒருத்தர் குறைஞ்சாலும் வேலைக்கே போயிடறது.

ம்.

முதல்ல, அந்த வெள்ளிக்கு முந்தின புதன்கிழமை. நாகேஸ்வரன் திட்டம் போட்டார். அவர் எப்படித் திட்டம் போடுவார் தெரியுமா? சின்ன வயசுல அவரோட சித்தப்பா கும்பகோணத்துல நவக்கிரக வேன் ஓட்டினார். காலையில ஆறு மணிக்குக் கிளம்பினா ஒன்பது கோயிலும் பாத்துட்டு ராத்திரி எட்டுக்குத் திரும்பிடும். லீவு நாள்ல அந்த வேன்ல விசில் ஊதறது நம்ம நாகேஸ்வரன்தான். அந்த விசிலை இன்னும் பத்திரமா வச்சிருந்தார். அதைக் கழுத்துல மாட்டிக்கிட்டு, கூடத்துல நின்னு, பீப்!

ரெண்டு கதவு திறந்துது. ரெண்டு தலை எட்டிப் பாத்துது.

"திங்கக்கிழமை ஒரே நாள்ல ஒன்பது இடம்!"னார். "கோட்டை, அருவி, ஏரி, கடல் பாறை, இன்னொரு கோட்டை. ஒவ்வொரு இடத்துலயும் இருபது நிமிஷம். விசில் ஊதினா எல்லாரும் வண்டியில இருக்கணும்."

"அப்பா, இது டூரா, டிரில்லா?"ன்னு கேட்டா தாரகை. "நீங்க போய்ட்டு வாங்க. நான் வரலை."

கதவு, டப்!

அப்புறம் வியாழக்கிழமை. எழிலன் திட்டம் போட்டான். அது ரொம்பச் சுலபம். லாஹிஞ்ச்னு ஒரு கடற்கரை. அங்க பலகை மேல நின்னு அலையில சறுக்கலாம். மூணு நாளும் சறுக்கறது. மூணு வேளையும் சிப்ஸ்.

"அயர்லாந்துக் கடல் தண்ணி ஐஸ் மாதிரி இருக்கும்டா!"ன்னார் அப்பா. "மூணு நாளும் நாங்க கரையில நின்னு உன் துண்டைப் பிடிச்சிக்கிட்டு இருக்கறதா?"

"உங்க ஒன்பது இடத்துக்கு அதுவே பரவாயில்லை!"

கதவு, டமால்! தாரகை கதவைத் திறக்கவே இல்லை. உள்ளேருந்தே "நான்தான் வரலைன்னு சொல்லிட்டேனே"ன்னா.

மங்கை போனைக் கையில எடுத்தா. "லீவு வேண்டாம்"னு எழுதலாமான்னு பாத்தா. விரல் போகலை. வச்சிட்டா.

தூங்கிட்டியா? ம் காணோமே.

ம்.

சரி. மூணாவது, வெள்ளிக்கிழமை. மணி அஞ்சு. இன்னும் ஒரே ஒரு மணி நேரம். மங்கை சாப்பாட்டு மேசையிலேருந்து நாலு நாற்காலியை இழுத்தா. கிரீச், கிரீச், கிரீச், கிரீச்! முன்னால ரெண்டு, பின்னால ரெண்டு. சத்தம் கேட்டு எல்லாரும் வந்துட்டாங்க.

"என்னம்மா பண்றே?"

"தேரையே வெள்ளோட்டம் விட்டுப் பாத்துட்டுத்தான் வீதிக்குக் கொண்டு வராங்க. நம்ம காருக்கும் விட்டுப் பாப்போம். தாரகை, நீ வரவே வேண்டாம். வெள்ளோட்டத்துக்கு மட்டும் உக்காரு. என்னங்க, ஓட்டுங்க!" இட்லிப் பானை மூடியை எடுத்து அவர் கையில குடுத்தா. அதுதான் ஸ்டீயரிங். "இங்க ஒரு நிமிஷம்னா ரோட்டுல பத்து நிமிஷம்னு கணக்கு. எழிலா, போன்ல பாத்து வழி சொல்லு."

நாகேஸ்வரனுக்குப் பிடிபட்டுப் போச்சு. ட்ர்ர்ர்ர்! மூடியைத் திருப்பினார். முதல் இடம், பீப்! ரெண்டாவது இடம், பீப்! பெரிய ரோடு முடிஞ்சு சின்ன ரோடு வந்துது. ரெண்டு பக்கமும் வேலி, நடுவுல புல்லு முளைச்ச ரோடு.

"வளைவு!"னான் எழிலன். நாலு பேரும் இந்தப் பக்கம் சாஞ்சாங்க. "இன்னொரு வளைவு!" அந்தப் பக்கம் சாஞ்சாங்க. "ஆடு!"

"ஆடு ஏதுடா?"

"அயர்லாந்துல ரோடு இருந்தா ஆடும் இருக்கும்பா. மே... மே...!" நாற்காலியிலேருந்து குதிச்சு, முன்னால போய் நாலு கால்ல நின்னுட்டான். "இது நகராது. இது ரொம்ப மெதுவான ஆடு."

"ஹாரன் அடிக்கறேன், பாம் பாம்!"

"இதுக்குக் காது கேக்காது."

மங்கை வயித்தைப் பிடிச்சிக்கிட்டுச் சிரிச்சா. கடியாரத்தைப் பாத்தா நாகேஸ்வரன் போட்ட கணக்குப்படி அஞ்சாவது இடத்துல இருக்கணும், வண்டி மூணாவதுக்கும் போகலை. "அடடா, ஓட்டம், ஓட்டம்!"னு மூடியை அவர் சர்ர்ர்னு சுத்தினார். வளைவு, வளைவு, வளைவு. மூணாவது இடம், பீப்! நாலாவது இடம், பீப்! பீப்!

சட்டுன்னு தாரகை எழுந்து நின்னா. முகம் வெளுத்துப் போயிருந்துது.

"நாலாவது இடத்துலதான்பா அன்னிக்கும்"னா.

"என்னிக்கு?"

"அப்போ எனக்கு எட்டு வயசு. ஊருக்குப் போனப்போ உங்க சித்தப்பா வேன்ல ஒன்பது கோயிலுக்குப் போனோம். நாலாவது கோயில் வாசல்ல நான் வாந்தி எடுத்தேன். புதுப் பாவாடை மேலயே. அம்மா கழுவி விட்டுக்கிட்டு இருந்தா. நீங்க விசில் ஊதினீங்க. மிச்சம் அஞ்சு கோயிலுக்கும் அந்த ஈரப் பாவாடையோடதான் வந்தேன். இப்பவும் கார்ல பின்னால உக்காந்து ரோடு வளைஞ்சா எனக்குப் புரட்டும். அதைச் சொன்னா இவன் கேலி பண்ணுவான்."

எழிலன் தரையிலேருந்து எழுந்து நின்னான். ஆடு வேஷம் போன இடம் தெரியலை. "நான் கேலி பண்ண மாட்டேன்கா"ன்னான்.

நாகேஸ்வரன் இட்லிப் பானை மூடியைப் பிடிச்சபடியே உக்காந்திருந்தார். அந்த நாளைப் பத்தி அவர் எத்தனை பேர்கிட்டச் சொல்லியிருப்பார்! "ஒரே நாள்ல ஒன்பதும் பாத்துட்டோம்"னு எவ்வளவு பெருமை! பாவாடை அவருக்கு ஞாபகமே இல்லை.

ம்.

அப்போ மணி அஞ்சு நாப்பத்தி மூணு. அவர் மெதுவா எழுந்தார். கழுத்துலேருந்து விசிலைக் கழட்டினார். பொண்ணு கழுத்துல மாட்டினார்.

"இனிமே விசில் உன்கிட்ட. நீ ஊதினா வண்டி நிக்கும். ஏன்னு கேக்க மாட்டேன். முன் ஸீட்டும் உனக்குத்தான்."

"ஒன்பது இடம்?"

"மூணு போதும். ஒரு நாளைக்கு ஒண்ணு."

"நானும் விசில் ஊதலாமா?"ன்னான் எழிலன்.

"பாத்ரூம் வந்தா அக்காகிட்ட மனு குடு"ன்னா தாரகை. எவ்வளவோ நாளைக்கு அப்புறம் அவ சிரிச்சா.

அப்புறம் பாக்கணும் அந்த வீட்டை! படபடன்னு பேச்சு, திமுதிமுன்னு ஓட்டம். அப்பாவுக்குக் கடல் பாறை, மோஹர்ல. எழிலனுக்கு லாஹிஞ்ச்ல ஒரே ஒரு நாள் அலை. தாரகைக்கு பர்ரன், அங்க கல்லே தரையா விரிஞ்சு கிடக்கும், சந்துல பூ பூக்கும். அஞ்சு அம்பத்தாறுக்கு மங்கை "லீவு வேணும்"னு எழுதி அனுப்பினா. டிங்! ஆனா ஒண்ணு. அவளுக்கு எந்த இடம் வேணும்னு யாரும் கேக்கலை. அவளும் சொல்லலை.

திங்கக்கிழமை காலையில நாலு சக்கரத்துக்கு அடியிலயும் எலுமிச்சம்பழம். ஏழரைக்கு ராகு காலம் வந்துடும்னு நாகேஸ்வரன் பறந்தார். எழிலன் ஒத்தைச் செருப்போட ஓடி வந்தான். ஏழு இருபத்தெட்டுக்கு, நச், நச், நச், நச்! வண்டி கிளம்பிடுச்சு. தாரகை முன்னால, மங்கையும் எழிலனும் பின்னால, மங்கை மடியில புளியோதரை டப்பா.

பெரிய ரோடு போச்சு. சின்ன ரோடு வந்துது. நிஜமாவே நடுவுல புல்லு முளைச்சிருந்துது. எதிர்ல வந்த டிராக்டர்காரர் ஸ்டீயரிங்லேருந்து கையை எடுக்காம ஒத்தை விரலை மட்டும் தூக்கி வணக்கம் சொன்னார். நாகேஸ்வரனும் ஒத்தை விரலைத் தூக்கினார். வளைவு, வளைவு, வளைவு. அப்போ...

பீப்!

கிறீ...ச்! வண்டி ஒரு கல் சுவர் ஓரமா நின்னுது. ஏன்னு கேக்க மாட்டேன்னு சொல்லியிருந்தாரில்லையா, நாகேஸ்வரன் உதட்டைக் கடிச்சிக்கிட்டார்.

"அக்கா, பை தரட்டுமா?"ன்னான் எழிலன். அவன் கையில பையைத் தயாரா வச்சிருந்தான், பாவம்.

"எனக்கு ஒண்ணுமில்லை. அம்மாவோட இடம் லிஸ்ட்லயே இல்லைடா, இப்பத்தான் தோணிச்சு." பின்னால திரும்பினா தாரகை. "அம்மா, உனக்கு எது வேணும்? சொல்லு, அங்க போவோம்."

மங்கை ஜன்னல் வழியாப் பாத்தா. சுவருக்கு அந்தப் பக்கம், யாரோட ஆடுன்னு அடையாளத்துக்கு முதுகுல நீலச் சாயம் பூசின ஆடுங்க. அப்புறம் உள்ள பாத்தா. மூணு முகமும் அவளையே பாத்துக்கிட்டு இருந்துது.

"வந்தாச்சு"ன்னா. "இறங்குங்க."

டப், டப், டப், டப். நாலு கதவும் திறந்துது. நாலு பேரும் கல் சுவர் மேல வரிசையா உக்காந்து புளியோதரை சாப்பிட்டாங்க. எவ்வளவு நேரம்னு கேக்கறியா? யாரும் கடியாரம் பாக்கலை. அதனால எனக்கும் தெரியாது.

ம்...

விசில் ஊதியாச்சு, வண்டி நின்னாச்சு, கதையும் இறங்கியாச்சு. நீ கண்ணை மூடு.