மூடிமேல் ஒரு கறை

"கறை போகமாட்டேங்குது மெஹரம்மா," என்றார் தணிகாசலம்.

பையிலிருந்து பழைய போலீஸ் துப்பாக்கி உறை ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். பழுப்புத் தோல், பித்தளைக் குமிழ். மூடியின்மேல் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்து மின்னியது.

தணிகாசலம் மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். இப்படி நாற்பது உறைகள் வீட்டில் வைத்திருந்தார். தோலை அறியவும் அதற்கு எண்ணெய் போடவும் அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் மெஹருன்னிசா. அவரைவிட இருபது வயது இளையவர். இந்த வாணியம்பாடி வீட்டில் ஒரு சுவர் முழுக்க உறைகளாகவே மாட்டியிருப்பவர்.

"சோப்பு போட்டேன், எலுமிச்சை தேய்ச்சேன். பேசாம மொத்தத்துக்கும் சாயம் ஏத்திடட்டுமா? ஒரே நிறமாயிடும்."

"யாரோட உறை?"

"வேதமாணிக்கம்னு ஒரு எஸ்.ஐ. எழுபத்தெட்டுல எங்க மில் வாசல்ல வேலைநிறுத்தம். நான் முன்வரிசை. பக்கத்துல நின்னவன் விட்ட கல்லு அவர் நெத்தியைப் பிளந்துடுச்சு. ரத்தம் கண்ணுல இறங்குது. அவர் கை சட்டுன்னு இந்த உறைமேல போச்சு. எனக்கும் அவருக்கும் நாலடிதான். செத்தோம்னு நினைச்சேன்."

"அப்புறம்?"

"என்னமோ, சுடாம விட்டுட்டார். சாமி புண்ணியம். அந்தக் கை இன்னும் கனவுல வருது. இந்த உறையைத் தேடப்போய்த்தான் மத்த நாற்பதும் சேர்ந்துச்சு."

"அவர் இருக்காரா?"

"இருக்கார், ஆம்பூர்ல. தொண்ணூறு ஆகப்போகுது. மகன்தான் எடுத்துக் கொடுத்தான். வாசல்லயே வாங்கிட்டு வந்துட்டேன்."

"உள்ள போய் அவரைப் பாக்கலையா?"

"உறைதான் கிடைச்சுடுச்சே."

மெஹருன்னிசா எழுந்தார். ஆணியில் தொங்கிய இடுப்புவாரை எடுத்து அதில் உறையைக் கோத்தார்.

"கட்டுங்க அண்ணே."

தணிகாசலம் கட்டிக்கொண்டார். வார் கடைசி ஓட்டைக்கு வந்து நின்றது.

"வயித்தை எக்குங்க. எஸ்.ஐ. இப்படியா இருப்பாரு?"

எக்கினார்.

"இப்ப துப்பாக்கியை எடுங்க."

உள்ளே ஒன்றுமில்லை. ஆனாலும் எடுப்பதுபோல் செய்தார். கட்டைவிரல் மூடியின் நுனியை நெம்பிக் குமிழிலிருந்து விடுவித்தது. மற்ற விரல்கள் மூடிக்கு அடியில் நுழைந்தன.

"கறை மேல கை பட்டுச்சா?"

"இல்லையே."

"மூடிடுங்க. இப்ப கறை மேல கையை வைங்க."

வைத்தார். உள்ளங்கை அதில் அளவெடுத்ததுபோல் பொருந்தியது.

"கையை எடுக்காம உறையைத் திறங்க."

முடியவில்லை. மெஹருன்னிசா குனிந்து, மூடியின் நுனியைப் பிடித்துத் தானே இழுத்துப் பார்த்தார். அது அசையவில்லை. தணிகாசலத்தின் கைதான் அதை அழுத்திக்கொண்டிருந்தது.

"ஒருநாள் மட்டும் இப்படி அழுத்தினா இவ்வளவு கறை விழுமா அண்ணே?"

 தணிகாசலம் கையை எடுக்கவில்லை. மேசையில் அவருக்கு வைத்த டீ ஏடு கட்டியது.

பிறகு கேட்டார்.

"ஆம்பூருக்கு இப்ப பஸ் இருக்குமா அம்மா?"