வேர்க்கடலை வேரா, விதையா?

பனைவிளைப் பள்ளிக்கூடத்தில் தாளாளர் துரைமாணிக்கம் வைத்ததுதான் சட்டம். சாயங்காலங்களில் அங்கே ஜெபக்கனி என்ற பெண் பிள்ளைகளுக்கு அறிவியல் வீட்டுப்பாடத்தில் உதவி செய்தாள். தாவரவியல் படித்த தாம் நடத்தும் டியூஷனை விட்டுவிட்டுப் பிள்ளைகள் அவளிடம் ஓடியது தாளாளருக்குப் பொறுக்கவில்லை. நேரே விரட்டினால் ஊர் சண்டைக்கு வரும்.

“பிள்ளைகளே யோசிக்கட்டும். பெரியவர்கள் யார் விடையைச் சொன்னாலும், மறுநாளிலிருந்து இந்தக் கூடத்துக்குள் கால் வைக்கக் கூடாது” என்றார்.

“யாரா இருந்தாலுமாங்க ஐயா?” என்று கேட்டாள் ஜெபக்கனி.

“யாரா இருந்தாலும்!”

அவளைக் கையும் களவுமாகப் பிடிக்க அன்றைக்கே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

“அக்கா, வேர்க்கடலை வேரா, விதையா?” என்று ஒரு சிறுமி கேட்டாள்.

ஜெபக்கனி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். “பேரிலேயே வேர் இருக்கேம்மா. நீங்கல்லாம் என்ன சொல்றீங்க?”

“வேர்தான்க்கா!” என்று கூடமே கத்தியது.

“அப்ப அப்படியே எழுதிருவோமா?”

பேனாக்கள் திறந்தன. தாளாளர் நாற்காலியின் நுனிக்கு வந்தார். முன்வரிசையில் ஒருத்தி ‘வே’ என்று எழுதியதும் துள்ளி எழுந்தார்.

“ஏ கூறுகெட்ட பிள்ளைகளா! அது விதை! மேலே பூத்து மண்ணுக்குள்ளே காய்க்கிற விதை!”



“நல்லா விளங்கிச்சுங்க ஐயா,” என்றாள் ஜெபக்கனி. “ஆனா நாளையிலிருந்து நீங்க உள்ளே வர முடியாதே!”

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் சாயங்காலம் ஜன்னல் கம்பிக்கு வெளியே ஒரு வழுக்கைத் தலை தெரிந்தது.

“கால் வெளியதான் இருக்கு, பாத்துக்கோ,” என்றார் தாளாளர். “இன்னைக்கு என்ன பாடம்?”