தர்கான் பிரபு அணைக்கப் போன நெருப்பு

வெகு காலத்துக்கு முன்னால் பெர்சியா தேசத்தை ஒரு ராஜா ஆண்டு வந்தார். பெரிய ராஜாதான், ஆனால் பயந்தாங்கொள்ளி. அவருடைய அப்பா செத்த அன்று, வழக்கப்படி தேசத்துக் கோயில்களின் நெருப்பையெல்லாம் அணைத்தார்கள். அந்த இருட்டைப் பார்த்ததிலிருந்து, அடுத்தது நம் முறைதானோ என்ற கவலை அவரை விடவில்லை. காலையில் ஒருவனுக்கு மாலை போடுவார். மத்தியானம் யாராவது தும்மினால் அவனையே சிறையில் போடுவார். இப்படிப்பட்டவரிடம் யார்தான் நிம்மதியாக வேலை பார்ப்பது?

அவருடைய மந்திரி மத்தனியா ஒரு யூதர். எருசலேமிலிருந்து சிறைபிடித்து வரப்பட்ட குடும்பம். அவர் பேசி ராஜா சிரித்துவிட்டால், சபையில் இருந்த தர்கான் பிரபுவுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

அந்தச் சமயத்தில் எருசலேமில் யூதர்கள், இடிந்து கிடந்த தங்கள் ஆலயத்தைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார்கள். முதலில் பலிபீடத்தில் நெருப்பு மூட்டினார்கள். பிறகு சுற்றிலும் சுவர். கூலி கிடையாது, கடவுள்மேல் இருந்த நம்பிக்கைதான். தர்கான் அந்தச் சீமையின் அதிகாரிகளை ஒவ்வொருவராகத் தன் பக்கம் இழுத்தார். "சுவர் எழும்பினால் கலகம் எழும்பும்" என்று எல்லோரும் சேர்ந்து மனு எழுதினார்கள். அந்தச் சுவரைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்களில் பாதிப் பேர்கூட இல்லை. முன்னவர் முத்திரை போட்டிருக்கிறாரே என்று பின்னவரும் போட்டார், அவ்வளவுதான். ராஜா வாய் திறக்கும் முன்பே வேலையை நிறுத்திவிட்டார்கள். தடையை மீறிக் கல் வைத்ததாக ஒரு பெண்ணைப் பிடித்து, சங்கிலி போட்டுத் தலைநகர் சூசானுக்கு இழுத்து வந்தார்கள்.

அவள் பெயர் மில்காள். ஆலயம் கட்டப்போகிறேன் என்று சூசானை விட்டுப் போன மத்தனியாவின் சொந்த அக்கா. தர்கான் ஆள் பார்த்துத்தான் பிடிக்கச் சொல்லியிருந்தார்.

சபை கூடியது. மனு எழுதிய அதிகாரிகளும் வந்திருந்தார்கள். உத்தரவு ஈரக் களிமண் பலகையில் தயாராக இருந்தது. கட்டட வேலை நிற்க வேண்டும், கல் வைத்தவள் சாக வேண்டும். கீழே அதிகாரிகளின் முத்திரைகள். ராஜா தன் மோதிரத்தை அழுத்த வேண்டியதுதான் பாக்கி. அழுத்திவிட்டால் அந்த ராஜாவே நினைத்தாலும் மாற்ற முடியாது. அதுதான் பெர்சியச் சட்டம்.

"கல் வைத்தாயா?" என்று கேட்டார் ராஜா.

"வெச்சேங்க ராஜா. காத்து பலமா அடிச்சுது. பலிபீடத்து நெருப்பு அணைஞ்சிருமோன்னு பயந்து, சுவர்ல ஓட்டையா இருந்த எடத்துல ஒரு கல்லை வெச்சேன்."

"கேட்டீர்களா மன்னா? அவள் வாயாலேயே வந்துவிட்டது!" என்றார் தர்கான்.

ராஜா மோதிரத்தைக் கழற்றினார். மத்தனியா யோசித்தார். என் அக்கா, விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினால், இவனும் கலகக்காரன்தான் என்று இரண்டு தலையும் போகும். 'கர்த்தாவே, எனக்கு ஒரு வார்த்தை கொடும்' என்று மனசுக்குள் கதறினார். பிறகு முன்னால் வந்தார்.

"மன்னா, பொறுங்கள். இந்த உத்தரவு போதாது."

மில்காள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

"சுவரை நிறுத்தி என்ன பயன்? நெருப்பு எரிந்தால் ஜனம் கூடும். ஜனம் கூடினால் மறுபடி கல் ஏறும். தர்கான் பிரபு இதை எப்படி விட்டார்?"

தர்கானுக்குத் தலைகால் புரியவில்லை. தம்பியே அக்காவைக் கைவிட்டுவிட்டானே! "விடவில்லை, மந்திரியாரே! அதையும் எழுதுங்கள். நெருப்பையும் அணைக்க வேண்டும்!"

"யார் அணைப்பது?"

"நானே போய் என் கையால் தண்ணீர் ஊற்றுகிறேன்!"

"அதிகாரிகளுக்குச் சம்மதமா?"

"சம்மதம், சம்மதம்" என்று வரிசையாகத் தலைகள் ஆடின.

"தம்பி! நீயாடா இப்படிப் பேசறே?" என்று அலறினாள் மில்காள்.

மத்தனியா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அழுதிருப்பார். "ஒரே ஒரு கேள்வி, அம்மா. அந்த நெருப்புக்கு முன்னால் தினமும் யாருக்காக வேண்டிக்கொள்கிறீர்கள்?"

"எங்க ஜனத்துக்காக" என்று விம்மினாள் அவள். "அப்புறம் இந்த ராஜாவுக்காக. அவரும் அவர் பிள்ளைங்களும் நல்லா இருக்கணும்னு."

"மன்னா, எனக்கு வயதாகிறது, வழக்கமெல்லாம் மறந்துபோகிறது. நம் தேசத்தில் கோயில் நெருப்பை எப்போது அணைப்போம்?"

ராஜாவின் முகம் வெளுத்தது. "ராஜா செத்தால்" என்றார்.

"தங்களுக்காக எரியும் நெருப்பில் தண்ணீர் ஊற்றத் தர்கான் பிரபு பறக்கிறாரே. அது எந்த ராஜாவின் சாவுக்கு?"

அதிகாரிகள் ஒருவர் பின் ஒருவராக நகர்ந்து வந்து, ஈரக் களிமண்ணில் இருந்த தங்கள் முத்திரையைக் கட்டைவிரலால் தேய்த்து அழித்தார்கள். இதற்கும் முன்னவர் அழித்ததைப் பார்த்துத்தான் பின்னவர் அழித்தார்.

தர்கான் ராஜாவின் காலில் விழுந்தார். ராஜா மோதிரத்தைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "சங்கிலியை அவிழ்த்துவிடுங்கள். கல்லும் மரமும் என் செலவு. தர்கான், எருசலேமுக்குப் போகிறேன் என்றாயே, போ. சுவர் முடியும்வரை அந்த நெருப்புக்கு நீதான் காவல். அது அணைந்தால் நீயும் அணைவாய்." மத்தனியாவின் கழுத்தில் தன் பொன்மாலையைக் கழற்றிப் போட்டார்.

இருவரும் வெளியே வந்தார்கள். மில்காள் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன்னைச் சபிச்சுட்டேன்டா, மனசுக்குள்ள."

"தெரியும்க்கா."

"ராஜா சட்டுன்னு மோதிரத்தை அழுத்தியிருந்தா?"

"உன் பக்கத்துல வந்து நின்னிருப்பேன்."

அவள் எருசலேமுக்குத் திரும்பியபோது மழைக்காலம் தொடங்கியிருந்தது. பலிபீடத்துக்குப் பக்கத்தில் ஒரு மனிதர் பட்டு அங்கியைக் கழற்றி இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, நெருப்புக்குக் காற்றை மறைத்துக்கொண்டு நின்றார். கறுத்துவரும் வானத்தைப் பார்ப்பார், பாதியில் நிற்கும் சுவரைப் பார்ப்பார். மில்காளைக் கண்டதும் அழாத குறையாகக் கத்தினார்.

"வந்துட்டியாம்மா! சொல்லும்மா இவங்ககிட்ட, சீக்கிரம் கட்டச் சொல்லு!"