ஒன்பதில் எது முதல்?

"என்கிட்ட ஒன்பது ஆற்றல் இருக்கு. அதுல எது முதல், எது கடைசின்னு நீங்கதான் வரிசைப்படுத்திச் சொல்லணும்" என்றான் வேங்கைமாறன்.

உலகம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"வா, உக்காரு" என்றாள்.

அவளுக்கு அவனைவிடப் பத்து வயது குறைவு. ஆனாலும் செம்பாறைக் கணவாயில் குடிசை போட்டு உட்கார்ந்திருக்கும் அவளிடம்தான் ஏழூர் ராஜாக்களும் நடந்து வந்து சந்தேகம் கேட்டுப் போவார்கள். ராஜாவானாலும் சரி, மாடு மேய்ப்பவனானாலும் சரி, எல்லோரும் அவளுக்கு 'நீ'தான்.

வேங்கைமாறனை 'நீ' என்று கூப்பிட ஆள் இல்லாமல் போய்ப் பதினாறு வருஷம் ஆகிறது. அவனுக்கு அது பிடித்திருந்தது. இன்னொரு தடவை கூப்பிடமாட்டாளா என்றுகூட இருந்தது.

அவனைத் தெரியாதவர்கள் ஏழூரில் கிடையாது. உங்களுக்குத் தெரிந்திருக்காது என்பதால் சொல்லிவிடுகிறேன்.

மலையைத் தூக்குவான். பறப்பான். புயலைக் கையைக் காட்டி நிறுத்துவான். நெருப்பு அவனைச் சுடாது, வாள் வெட்டாது. கூப்பிட்டால் மழை வரும். ஏழு மலைக்கு அப்பால் பேசுவது காதில் விழும். ஆறு மாசம் சாப்பிடாமல் இருப்பான். கையால் தொடாமல் பார்வையாலேயே பொருளை நகர்த்துவான்.

அரக்கர் படை மூன்று தடவை ஏழூர் மேல் வந்தது. மூன்று தடவையும் அவன் ஒருத்தனே போனான், மத்தியானத்துக்குள் திரும்பிவிட்டான். அவனை வைத்துச் சண்டைக் கதை சொல்லவும் முடியாது. ஆரம்பித்தவுடனே முடிந்துபோகும்.

ஊர்க்காரர்களுக்கு அது போதவில்லை. ஒன்பதில் எது பெரிது என்று அவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும்.

கடற்கரைக்காரர்கள் புயலை நிறுத்துவதுதான் முதல் என்றார்கள். மானாவாரிக்காரர்கள் மழைதான் முதல் என்றார்கள். மலைக்காரர்கள் என்ன சொன்னார்கள் என்று சொல்லவும் வேண்டுமா? மண்டபத்துச் சுவரில் ஒருவன் கரியால் ஒன்று முதல் ஒன்பது வரை எழுதிவிட்டுப் போவான். விடிந்து பார்த்தால் இன்னொருவன் அழித்து மாற்றி எழுதியிருப்பான். பறப்பது மூன்றாம் இடமா நான்காம் இடமா என்ற தகராறில் நிச்சயமான கல்யாணம் ஒன்று நின்றே போனது.

"அவங்க எழுதிட்டுப் போறாங்க. வரிசை உனக்கெதுக்கு?" என்றாள் உலகம்மை.

"முதல் எதுன்னு தெரிஞ்சா அதையே அடிக்கடி செஞ்சு காட்டலாம்."

"காட்டினா?"

"ஜனங்களுக்குப் பிடிக்கும்."

"பிடிச்சா?"

அவன் ஒரு கீரைத்தண்டை எடுத்துக் கிள்ளினான்.

"யாராவது வீட்டுக்கு வருவாங்க."

"இப்ப வர்றதில்லையா?"

"வர்றாங்க. கிணத்துல மாடு விழுந்திருச்சுன்னு வர்றாங்க. கம்மாய்க் கரை உடைஞ்சிருச்சுன்னு வர்றாங்க. வேலை முடிஞ்சதும் கும்பிட்டுட்டுப் போயிடறாங்க. 'இந்தப் பக்கம் வந்தேன், சும்மா எட்டிப் பார்த்துட்டுப் போலாம்னு நினைச்சேன்'னு ஒரு ஆள் வந்ததில்லம்மா."

சொல்லிவிட்டு வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

ஏழூர் கட்டிக்கொடுத்த வீடு அவனுடையது. எட்டு அறைகள். எட்டிலும் அவன்தான் இருந்தான்.

மடியிலிருந்து ஒன்பது கூழாங்கற்களை எடுத்துத் தரையில் வரிசையாக வைத்தான்.

"நானே ஒரு மாதிரி அடுக்கிப் பார்த்திருக்கேன். இது மலை. இது புயல். இது பறக்கிறது. சரியா இருக்கான்னு பாருங்க."

உலகம்மை எழுந்து வந்து மூன்று கற்களை எடுத்துக்கொண்டு போனாள். மூலையில் ஆடிக்கொண்டிருந்த தண்ணீர்ப் பானைக்கு அடியில் முட்டுக் கொடுத்தாள்.

அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான்.

"முதலாவது, ஆறாவது, எட்டாவது. அதுதான் வரிசையா?"

"கைக்கு அகப்பட்டதை எடுத்தேன்."

"அப்ப அதுக்கு என்ன அர்த்தம்?"

"பானை ஆடிச்சு. இப்ப ஆடலை."

அவனுக்கு எரிச்சலாக வந்தது. அடக்கிக்கொண்டான்.

உலகம்மை வாசலைக் காட்டினாள். அங்கே ஒரு விறகுக்கட்டு கிடந்தது. பருமனான கட்டு.

"அதை உன் வீட்டுக்குக் கொண்டு போ."

"எங்க வீட்டுல அடுப்பு மூட்டுறதில்லையே."

"வீட்டுல விறகு இருந்தா நல்லது. தலைச்சுமையா நடந்து கொண்டு போகணும். ஒன்பதுல ஒண்ணும் கூடாது. கட்டை நீயா தலையில ஏத்திக்கவும் கூடாது."

"நீங்க ஏத்திவிடுவீங்களா?"

"நான் மாட்டேன். பாதையில போறவங்க ஏத்திவிடட்டும். வீட்டுல இறக்கிட்டு வா. வரிசை சொல்றேன்."

இவ்வளவுதானா என்று நினைத்தான் வேங்கைமாறன்.

செம்பாறைக் கணவாய் வழியாகத்தான் ஏழூர் விறகும் போகும். அங்கே ஒரு வழக்கம் உண்டு. யாராவது கட்டுக்குப் பக்கத்தில் நின்று 'கொஞ்சம் கை குடுங்க' என்றால், போகிறவர் எவ்வளவு அவசரத்தில் இருந்தாலும் நின்று தூக்கிவிட்டுத்தான் போவார். பகையாளியாக இருந்தாலும் தூக்கிவிடுவார். தூக்கிவிட்டுவிட்டு மறுபடி முறைத்துக்கொள்வார்கள்.

கட்டைப் பாதையோரத்துக்கு உருட்டிக்கொண்டு போய் வைத்துவிட்டு, வேங்கைமாறன் பக்கத்தில் நின்றான்.

முதலில் ஒரு துணி வியாபாரி வந்தார். அவனைப் பார்த்ததும் மூட்டையோடு காலில் விழுந்தார். எழுந்து, கட்டைப் பார்க்காமலே போய்விட்டார்.

பிறகு தயிர்க்காரிகள் நாலு பேர் வந்தார்கள். சிரித்துப் பேசிக்கொண்டு வந்தவர்கள், அவனைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். பத்தடி சுற்றிக் கடந்தார்கள். வளைவு தாண்டியதும் மறுபடி சிரிப்பு கேட்டது.

சாயங்காலம் அவன் குடிசைக்குத் திரும்பினான்.

"கேட்டியா?" என்றாள் உலகம்மை.

"நின்னேன்."

"நின்னா?"

"பார்த்தா தெரியாதா? ஒரு மனுஷன் கட்டுக்குப் பக்கத்துல நிக்கிறான்னா எதுக்கு நிப்பான்?"

"உன்னைப் பார்த்தா என்ன தெரியும்?"



மறுநாள் கேட்டே விடுவது என்று முடிவு செய்தான். ஆனால் கேட்டுப் பழக்கமில்லாத ஆள். அவனுக்குத் தெரிந்த குரல் ஒன்றுதான், அரக்கர் படைக்கு முன்னால் நின்று போட்ட குரல்.

ஆட்டுக்காரர் ஒருவர் வந்தார்.

"கை கொடு!" என்றான்.

பாறை அதிர்ந்தது. ஆடுகள் ஒரு பக்கம் ஓடின, ஆட்டுக்காரர் இன்னொரு பக்கம் ஓடினார். அவற்றைத் திரும்பச் சேர்க்க அவருக்குப் பாதி நாள் ஆகியிருக்கும்.

குரல் கேட்டு மலைக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் ஏறி வந்தார்கள். வேங்கையார் ஏதோ செய்யப்போகிறார் என்று ஆளுக்கொரு பாறையில் உட்கார்ந்தார்கள்.

அவன் குரலைத் தணித்துக்கொண்டான்.

"ஐயா, இந்தக் கட்டைத் தூக்கிவிடணும். கொஞ்சம் கை குடுங்க."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியவர் ஒருவர் எழுந்து கைகட்டி நின்றார்.

"எங்களைச் சோதிக்கிறீங்களா சாமி?"

"சோதிக்கலை. நெசமாத்தான் கேக்கிறேன்."

"நாங்க தொட்டா கையி ஒட்டிக்கிடுமா?"

"ஒட்டாது."

"சாமி, நீங்க கட்டையன் மலையைத் தூக்குனப்ப நான் அங்கதான் நின்னேன். இந்த ரெண்டு கண்ணால பார்த்தேன். விறகுக்கட்டுக்கு எங்க கை எதுக்கு?"

அவன் வாயைத் திறந்தான்.

கூட்டத்தில் விவரமான ஆள் ஒருவன் இருந்தான். எந்தக் கூட்டத்தில்தான் இல்லை? அவன் குதித்தெழுந்தான்.

"டேய், புரிஞ்சுபோச்சுடா! நேத்திலேருந்து அந்தக் கட்டு அசையவே இல்லை. தொடாமலே தரையோட ஒட்டவெச்சிருக்காரு. இது பத்தாவது!"

"பத்தாவதா?"

"பத்தாவது ஆற்றல்டா!"

அவ்வளவுதான். அது பறப்பதற்கு மேலா, மழைக்குக் கீழா என்று அங்கேயே ஆரம்பித்துவிட்டார்கள். மண்டபத்துச் சுவரில் முதலில் யார் எழுதுவது என்று தள்ளிக்கொண்டு இறங்கி ஓடினார்கள். அவனைக் கும்பிடக்கூட மறந்துபோனார்கள்.

கணவாய் வெறிச்சோடிப் போனது.

வேங்கைமாறன் கட்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. ஒரு பார்வை பார்த்தால் கட்டு பறந்துபோய் அவன் வீட்டு வாசலில் இறங்கும். அவனுக்குப் பார்க்க மனசில்லை. அழுகை வந்தது. கடைசியாக எப்போது அழுதான் என்று நினைவில்லை. யார் பார்க்கப்போகிறார்கள் என்று அழுதான்.

"என்ன, ஆளுக்கு உடம்பு சரியில்லையா?"

நிமிர்ந்து பார்த்தான். தலையில் விறகுக்கட்டோடு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். அக்கரைப்பட்டிச் செவந்தி. தினம் விறகுக்குப் போய்த் திரும்புகிறவள். இன்று நேரமாகிவிட்டது, முகத்தில் அந்த அவசரம் தெரிந்தது.

"உடம்புக்கு ஒண்ணுமில்லை."

"அப்ப ஏன் இப்படி உக்காந்திருக்கீங்க?"

கேட்கலாமா வேண்டாமா என்று இருந்தது அவனுக்கு. குரல் உள்ளேயே நின்றுவிட்டது. இழுத்துத்தான் வெளியே கொண்டுவந்தான்.

"கொஞ்சம் கை குடுக்கிறீங்களா?"

"அட, இதுக்கா இம்புட்டு நேரம்? வாயைத் தொறந்து கேக்க வேண்டியதுதானே" என்றாள்.

பாதையோரத்தில் ஆள் தோள் உயரத்துக்கு ஒரு சுமைதாங்கிக் கல் உண்டு. தன் கட்டை அதன்மேல் சாய்த்து வைத்துவிட்டு, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"என்னை யாருன்னு தெரியுதா?" என்றான். தெரிந்தால் ஓடிவிடுவாளோ என்று பயந்துதான் கேட்டான்.

"வேங்கையாரு. தெரியாம என்ன? சும்மாடு எங்க?"

"அப்படின்னா?"

சோறு என்றால் என்ன என்று கேட்டவனைப் பார்ப்பதுபோல அவனைப் பார்த்தாள்.

"சும்மாடு இல்லாமயா சுமை தூக்க வந்தீங்க? நல்ல ஆளுதான்."

இடுப்பில் செருகியிருந்த பழந்துணியை உருவி முறுக்கி வட்டமாகச் சுற்றினாள்.

"குனிங்க."

குனிந்தான். அவன் உச்சந்தலையில் வைத்து, இரண்டு கையாலும் அழுத்திச் சரிசெய்தாள்.

தலையில் ஒரு கை பட்டதும், நிமிராமல் அப்படியே குனிந்து நின்றான்.

"அந்தப் பக்கத்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காருங்க. நான் தூக்கும்போது எந்திரிக்கணும், முன்னாலயும் கூடாது, பின்னாலயும் கூடாது. ஒண்ணு. ரெண்டு. ஹூம்!"

கட்டு ஏறியது. ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவன் தடுமாறினான்.

"ஆடாதீங்க! தலையை நேரா வைங்க. ஐயோ, சின்னப் பிள்ளை மாதிரி ஆடுறாரே மனுஷன்."

அவள் ஒரு தட்டுத் தட்டி நேராக்கினாள்.

கனம் கழுத்தில் இறங்கியது, முதுகில் இறங்கியது, முழங்காலில் இறங்கியது. மலையைத் தூக்கியபோது அவனுக்கு ஒன்றும் தெரிந்ததில்லை.

"கனமா இருக்கா?"

"இருக்கு" என்றான் ஆச்சரியமாக.

"பச்சை விறகு. இருக்கத்தான் செய்யும். நடக்க நடக்கப் பழகிரும்."

கல்லிலிருந்து தன் கட்டை மாற்றிக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள். அவன் பின்னால் நடந்தான். பாதை சரிவாக இறங்கியது. எங்கே கால் வைக்க வேண்டும், எங்கே கல் உருளும் என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள்.

"எந்தத் தெரு வரைக்கும் போகணும்?"

"மேட்டுத் தெரு."

"அம்மாடி, நல்ல தூரம். வீட்டுல இறக்கிவிட ஆள் இருக்காங்கல்ல?"

வேங்கைமாறன் நின்றுவிட்டான்.

ஏற்றிவிட ஆள் கிடைப்பதைப் பற்றித்தான் இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருந்தான். இதை நினைக்கவே இல்லை.

இருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். அவள் தன் வழியே போய்விடுவாள்.

"இல்லை" என்றான். "யாரும் இல்லை."

தலையில் சுமை இருந்ததால் அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"அப்ப எங்க வீட்டுல வந்து இறக்குங்க. வாங்க, இருட்டப்போகுது."