அண்டை பார்த்த நண்டு

அந்தக் காலத்தில் வயலில் கிடந்த எல்லாவற்றுக்கும் வாய் இருந்தது. நண்டுக்கு வாயோடு நேரான நடையும் இருந்தது. உருண்டை உடம்பு, முன்னால் இரண்டு கொடுக்கு. தங்குவதற்கு வளை கிடையாது. ஓர் இடத்தில் தரிக்காது. வாய்க்கால் தலைப்புக்கு ஓடும், கடைமடைக்கு ஓடும், எதற்கு ஓடினோம் என்று நின்று யோசிக்கும், மறுபடி ஓடும்.

"நிக்கத் தெரியாதவனுக்கு யாரு வேலை குடுப்பா?" என்று தவளைகள் கேலி செய்தன.

வேம்பாயி கொடுத்தாள். அவளுக்கு அரைக்காணி நிலம், தனியாள். வரப்பின் பக்கச் சுவரைச் சீவி, சேறு அப்பி, ஓட்டை இல்லாமல் மெழுகுவதற்கு அண்டை வைப்பது என்று பெயர். அந்தச் சுவருக்கும் அண்டை என்றே பெயர். நடவு முதல் அறுப்பு வரை ஓயாத வேலை அது. இன்று அடைத்தால் நாளை எலி தோண்டியிருக்கும்.

கதிர் பால் பிடிக்கும் நேரம். கடைசி முறைத் தண்ணீர் வந்து வயலில் நின்றது. அது வடிந்தால் அத்தனையும் பதர்தான்.

அன்று காலை, பக்கத்து ஊரில் மகளுக்கு இடுப்பு வலி என்று ஆள் வந்தது. வேம்பாயி மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். கரையேறும்போது நண்டு எதிரே வந்தது.

"நண்டே, சும்மாதானே சுத்துற? நான் வர்ற வரைக்கும் அண்டையைப் பாத்துக்க. கண்ணை எடுத்துடாத!"

"ஆகட்டும் ஆத்தா!"

அவள் தலை மறைந்த பிறகுதான் நண்டுக்கு உறுத்தியது. அண்டை என்றால் என்ன? அண்டை வீடு, அண்டை அயல் என்கிறார்களே. அப்படியானால் அண்டை வயல்காரனைத்தான் சொல்லியிருக்கிறாள்! தண்ணீரைத் திருடிவிடுவான் என்று பயம் போல. கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கிடைத்த முதல் வேலையிலேயே தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

அண்டை வயல்காரர் காத்தமுத்து புல் அறுத்துக்கொண்டிருந்தார். நண்டு நேராகப் போய் அவர் முன்னால் நின்று முறைத்தது. அவர் நகர்ந்தால் அதுவும் நகர்ந்தது. அவர் கஞ்சி குடித்தபோதும் கண்ணை எடுக்கவில்லை.

"என்ன நண்டாரே, எம் மூஞ்சியில கூத்தா நடக்குது?"

"ஒங்களப் பாத்துக்கச் சொல்லியிருக்கு அண்ணே."

"என்னையவா? நான் என்ன தொட்டில் புள்ளையா? யாரு சொன்னது?"

"வேம்பாயி ஆத்தா. அண்டையைப் பாத்துக்கன்னுச்சு."

காத்தமுத்து கஞ்சி புரையேறச் சிரித்தார். பாதியில் சிரிப்பு நின்றது. "அட மண்டு, அண்டைன்னா வரப்புச் சுவருடா! ஒம் முதுகுக்குப் பின்னால சலசலங்குதே, காதுல விழல?"

நண்டு திரும்பியது. எலி வளை வாய் பிளந்திருந்தது. தண்ணீர் வடிகாலுக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. மேட்டுப் பக்கம் ஏற்கெனவே தரை தெரிந்தது.

ஓடியது. சேற்றை அள்ளி வைத்தது. தண்ணீர் அடித்துக்கொண்டு போனது. வைக்கோலைத் திணித்தது, அதுவும் போனது. கடைசியில் தானே புகுந்தது. நேராகப் போனால் கொடுக்குகள் தட்டின. பக்கவாட்டில் திரும்பி, மூச்சை அடக்கி, உடம்பைச் சொருகிக்கொண்டது. சத்தம் நின்றது. காத்தமுத்து ஓடிவந்து அதைச் சுற்றிச் சேறு அப்பினார். வெயில் ஏற ஏறச் சேறு இறுகியது. நண்டின் உடம்பு தட்டையானது. கால் மூட்டுகள் அப்படியே நின்றுவிட்டன.

அந்தியில் வேம்பாயி வந்தாள். பேத்தி பிறந்த சந்தோஷம் வரப்பு வரைக்கும்தான் இருந்தது. பாதி வயல் காய்ந்திருந்தது. பாதியில் தண்ணீர் நின்றது. அவள் நண்டை மெல்லப் பெயர்த்தெடுத்து, ஓட்டையை அடைத்து மெழுகினாள்.

"போய்ப் படு. அண்டை கெட்டியா இருக்கு."

"உள்ள எங்கியோ சலசலங்குது ஆத்தா."

"ஒண்ணும் இல்ல. படு."

நண்டு நடந்தது. நேராகப் போக வரவில்லை. அதுவும் நல்லதாகப் போயிற்று. பக்கவாட்டில் நடந்தால் முகம் எப்போதும் அண்டையைப் பார்த்தே இருக்குமே. ஆனால் படுக்க முடியவில்லை. உள்ளே தண்ணீர் ஓடுவதுபோலவே கேட்டது. பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று ஈரச் சேற்றைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தது. ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்த்தது.

அன்று முதல்தான் நண்டு பக்கவாட்டில் நடக்கிறது. வைத்த அண்டை காய்வதற்குள் அதில் ஒரு வளை விழுகிறதே, அதுவும் அன்று முதல்தான். நாம் திட்டிக்கொண்டே குதிகாலால் மிதித்து அடைக்கிறோம். அதைத் தோண்டியது திருடன் அல்ல, காவல்காரன்.