இன்ஜின் அடியில் ஒரு தழும்பு

கணக்கு வாத்தியார் இன்னாசிக்கு அறுபது வயதில் ஒரு குரு வாய்த்தாள். திண்டுக்கல்லில் மோட்டார் சைக்கிள் பட்டறை நடத்திய ஜரீனாதான் அந்தக் குரு. அவளுக்கு முப்பத்திரண்டு வயது. அவர் அவளை அம்மா என்றார். அவள் அவரை சார் என்றாள்.

அவரிடம் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் இருந்தது. கல்லூரி நாளில் அடுத்தவன் ஓட்டிப் போனதைப் பார்த்து ஆசைப்பட்ட ரகம் அது. மகள்கள் இருவரையும் படிக்க வைத்து, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் அவர் கைக்கு வந்தது. அதுவும் வத்தலக்குண்டில் ஒரு கொட்டகைக்குள் ஐந்து வருடம் துருவேறிக் கிடந்துவிட்டு வந்தது.

பழுது பார்த்துக் கொடுக்கும்படி கேட்டார். கழற்றுவதும் மாட்டுவதும் நீங்களே என்றால் சொல்லித் தருகிறேன் என்றாள் ஜரீனா. மறுநாள் காலையில் பழைய சட்டையோடு வந்து நின்றார்.

மூன்று மாதம் வேலை நடந்தது. ஒவ்வொன்றாகத் திறக்கத் திறக்க இன்னாசி முணுமுணுத்தார். இங்கே ஒயரை ஒட்டுப் போட்டிருக்கிறான், அங்கே தகரத்தை வெட்டிச் செருகியிருக்கிறான், முன்னால் வைத்திருந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து வண்டியைப் பாழாக்கிவிட்டார்கள் என்பார். ஜரீனா கேட்டுக்கொண்டே தன் வேலையைப் பார்ப்பாள்.

வண்டி கிளம்பிய அன்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மனைவியை ஏற்றிக்கொண்டு மலைக்கோட்டையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். வீட்டு வாசலில் நிறுத்தித் துடைத்தபோதுதான் அது கண்ணை உறுத்தியது. இன்ஜினுக்கு அடியில், அட்டைப்பூச்சி ஒட்டிக்கொண்டது போலத் தடித்த ஒரு வெல்டிங். அரத்தை எடுத்து, மட்டமாகும் வரை ராவினார். மேலே வெள்ளி வண்ணம் பூசினார்.

காலையில் வண்டிக்கு அடியில் ஆயில் குளம் கட்டி நின்றது.

பட்டறை வரைக்கும் தள்ளிக்கொண்டே வந்தார். செய்ததை ஒளிக்காமல் சொன்னார். பிறகு கேட்டார்.

"இவ்வளவு காலம் காத்திருந்தேம்மா. எனக்கு மட்டும் ஏன் நாலு பேர் கெடுத்த வண்டி வந்து சேரணும்?"

 வண்டியை விற்றவரின் எண்ணை ஜரீனா கேட்டு வாங்கி, அழைத்து, போனை இன்னாசி கையில் கொடுத்தாள்.

"அந்த வெல்டிங் எப்படி வந்துச்சுன்னு கேளுங்க சார்."

அந்த மனிதர் நிதானமாகச் சொன்னார். அவர் வாங்கும்போதே அது இருந்ததாம். கொடைக்கானல் மலைப்பாதையில் கல் அடித்து இன்ஜின் விரிசல் விட, அப்போது வைத்திருந்தவர் வண்டியைக் காயலான் கடைக்குப் போடத் துணிந்துவிட்டாராம். வழியில் லேத்துப் பட்டறை வைத்திருந்த ஒருவர், நல்ல வண்டியை ஏன் கொல்கிறீர்கள் என்று தடுத்து, கொட்டும் மழைக்குத் தார்ப்பாய் கட்டி இரண்டு நாள் உட்கார்ந்து பற்றவைத்துக் கொடுத்தாராம். அவர் பெயர் யாருக்கும் தெரியாது. அந்த வெல்டிங்கை நம்பித்தான் இருபத்திரண்டு வருடம் ஓட்டினேன் என்றார். கடைசியில், வண்டி இப்போது ஓடுகிறதா என்று கேட்டார்.

இன்னாசி குனிந்து வண்டியின் அடியைப் பார்த்தார். "ஓடும்" என்றார்.

இருவருமாக இன்ஜினை இறக்கினார்கள். எண்ணெய்ப் பசை போகக் கழுவி முடிக்க இரண்டு நாள் ஆனது. ஜரீனா மறுபடி பற்றவைத்தாள். இந்த முறையும் அது தடித்துத்தான் நின்றது. இன்னாசி அதன் மேல் ஒருமுறை விரலை ஓட்டிப் பார்த்தார்.

இன்ஜினைத் தூக்கி வைத்து போல்ட்டுகளை மாட்டத் தொடங்கியவர், பாதியில் நிறுத்தினார்.

"அந்த லேத்துக்காரர் இல்லேன்னா இது என் கைக்கே வந்திருக்காது. பேரு தெரியாது, ஊரு தெரியாது. அவருக்கு எப்படிம்மா நன்றி சொல்றது?"

ஜரீனா அவர் கையில் இருந்த போல்ட்டைப் பார்த்தாள். கிரீஸ் டப்பாவை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"போல்ட்டு மரையில கொஞ்சம் கிரீஸ் தடவி மாட்டுங்க சார். அடுத்து கழற்றப் போறவருக்கு லேசா வரும்."